ஆட்டுக்குப் பல் பார்க்கிறோம்... மைலேஜ் கருவிக்கு?

வெள்ளிக்கிழமை காலையில் வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வரவேற்பது 'ம்ம்மே...' என்கிற குரல்தான். ஆட்டுச் சந்தை! சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் - விருத்தாசலம் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இந்த ஊருக்கு வேன் வேனாக ஆடுகள் வந்து இறங்கும். தீபாவளி, பக்ரீத் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சந்தையில் ஆடு வாங்குகிறவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். "இந்த மாதிரிக் கிடா இந்தச் சந்தையிலேயே இல்லண்ணே!" என்று விற்கிறவர் எவ்வளவு கூவினாலும் நம்மவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், வயசு தெரிந்துவிடும். முதுகெலும்பில் விரலை வைத்து அழுத்துவார். சதையா, வெறும் ரோமமா என்று தெரிந்துவிடும். இரண்டு கையாலும் ஒரு தூக்குத் தூக்கி இறக்குவார், எடை தெரிந்துவிடும். அப்புறம்தான் விலைப் பேச்சே!

சரி, இதே மனிதரிடம் ஒருவர் வந்து, "ஸார், உங்க பைக்ல இந்தச் சின்ன டப்பாவை மாட்டுங்க. லிட்டருக்கு முப்பது சதவிகிதம் மைலேஜ் எகிறும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாதான்" என்கிறார் என்று வையுங்கள். பல்லும் பார்க்க மாட்டார், முதுகும் அழுத்த மாட்டார். "ஆயிரத்து இருநூறுக்குத் தர்றியா?" என்பார்!

இப்போதெல்லாம் மைக்கும் மேஜையும் கூட வேண்டாம். செல்போனைத் திறந்தால் விளம்பரமே தேடி வருகிறது. 2021-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து மைலேஜ் என்கிற வார்த்தைக்கே தனி மயக்கம் வந்துவிட்டது. சம்பளத்தில் வாடகை, ஈ.எம்.ஐ., மளிகை போக மிச்சம் இருப்பதைப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிட்டு வருகிற இளைஞர்தான் இந்த வியாபாரத்தின் முதல் குறி.

ஆகவே, இந்தக் கருவிகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவோம் வாருங்கள்!

காந்தம் முதல் கண் சிமிட்டும் விளக்கு வரை

சந்தையில் ஆட்டு ரகம் மாதிரி இதிலும் ரகங்கள் உண்டு.

முதல் ரகம், காந்தம். பெட்ரோல் ட்யூபின் மேல் இரண்டு காந்தத்தைக் கட்டினால் 'கொத்தாக இருக்கிற பெட்ரோல் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரிந்து நன்றாக எரியும்' என்பார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பெட்ரோல் காந்தத்துக்கு மசிகிற சரக்கே இல்லை. அதன் மேல் காந்தத்தின் பாதிப்பு மிக மிக அற்பம். காந்தத்தைத் தாண்டிப் போனதும் அந்த அற்பமும் மறைந்துவிடும். இத்தனைக்கும் இன்ஜெக்டரே பெட்ரோலைப் பனி மாதிரி தூவித்தான் எஞ்சினுக்குள் அனுப்புகிறது.

இரண்டாவது, காற்று போகிற வழியில் வைக்கிற குட்டி விசிறி. 'காற்றைச் சுழற்றி அனுப்பும்' என்பது வாதம். சுழற்றுகிறதோ இல்லையோ, வழியை மறிக்கிறது. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிற மாதிரி!

மூன்றாவது, தண்ணீர் கிட். பேட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வருகிற ஹைட்ரஜன் வாயுவை எஞ்சினுக்கு அனுப்புவது. ஹைட்ரஜன் எரியும் என்பது சத்தியம். ஆனால் பேட்டரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து. எஞ்சினுக்குச் சக்தி? பெட்ரோலிலிருந்து! தண்ணீரைப் பிரிக்கச் செலவாகிற சக்தி, அந்த வாயு எரியும்போது திரும்பி வருவதை விட எப்போதும் அதிகம். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, அது கீழே விழுகிற வேகத்தில் மின்சாரம் எடுத்து, அதே மோட்டாரை ஓட்டுகிறேன் என்றால் நம்புவீர்களா? அதே கதைதான் இது. போதாததற்கு, சூடான எஞ்சின் பக்கத்தில் வெடிக்கக்கூடிய வாயு வேறு.

நான்காவது, கார்க்காரர்களுக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டுகிற சாக்கெட் ஒன்று இருக்குமே, அதில் சொருகுகிற 'எகானமி சிப்'. 'உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு எஞ்சினை மாற்றியமைக்கும்' என்று விளம்பரம். இந்த ரகத்தைப் பிரித்துப் பார்த்த எஞ்சினீயர்கள் கண்டது என்ன தெரியுமா? விளக்கைச் சிமிட்ட வைக்கிற சர்க்யூட்! காரின் கம்ப்யூட்டரோடு பேசுகிற கம்பிகளுக்கு இணைப்பே இல்லை. விளக்கு மட்டும் ஜோராகச் சிமிட்டுகிறது. கண்ணடிக்கிறதோ என்னவோ!

ஐந்தாவது ரகம் நம்ம ஏரியாவுக்கு ரொம்ப நெருக்கம்: செராமிக். டாங்க்குக்குள் சில செராமிக் உருண்டைகளைப் போட்டால் 'அகச்சிவப்புக் கதிர் வீசிப் பெட்ரோலுக்கு வீரியம் ஏற்றும்' என்று விற்பவர்கள் உண்டு. அகச்சிவப்புக் கதிரை உலகத்தில் எல்லாப் பொருளும்தான் வீசுகிறது - உங்கள் டீ கிளாஸ் உட்பட. இந்தக் கணக்கில் பார்த்தால் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் ஆறு மாதம் வர வேண்டும்!

எஞ்சினில் செராமிக்குக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்பார்க் ப்ளக்கின் வெள்ளைக் கழுத்து செராமிக்தான். மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கிறது, சூட்டைத் தாங்குகிறது. என்ன வேலை என்று சொன்னார்களோ அதைச் செய்கிறது. அளந்தும் காட்டலாம். வித்தியாசம் அங்கேதான்.

பழைய ஜோக் ஒன்று. ஒருத்தர் முப்பது சதவிகிதம் மிச்சம் பிடிக்கும் காந்தம், இருபத்தைந்து சதவிகிதம் மிச்சம் பிடிக்கும் விசிறி, இருபது சதவிகித மாத்திரை, முப்பது சதவிகித சிப் என்று நாலையும் மாட்டினாராம். மொத்தம் நூற்றைந்து சதவிகிதம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, டாங்க் நிரம்பி வழியாமல் பெட்ரோலை இறக்க வேண்டியதாகிவிட்டதாம்!

மிச்சம் பிடிக்க அங்கே மிச்சம் ஏது?

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வசனம்தான்: 'உங்கள் எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் வீணாகிறது. எங்கள் கருவி முழுசாக எரிய வைக்கும்.'

இந்த ஒரு வசனத்தின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் போதும், மொத்தச் சந்தையும் காலி.

ஒழுங்காகப் பராமரிக்கிற, சூடேறிய எஞ்சினில் நூறு சொட்டுப் பெட்ரோல் போனால் ஏறக்குறைய தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு சொட்டு எரிந்தே விடுகிறது. எரியாமல் தப்புவது இரண்டோ மூன்றோ சொட்டுதான். அதையும் சைலன்ஸரில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பிடித்துக் கரைத்துவிடுகிறது.

"அப்படியானால் எஞ்சின் வீணாக்குவதே இல்லையா?" என்றால், வீணாக்குகிறது - ஏராளமாக! பெட்ரோலில் இருக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. மற்றதெல்லாம் சூடாக சைலன்ஸர் வழியாகவும் எஞ்சின் உடம்பு வழியாகவும் போய்விடுகிறது. ஆனால் இது பெட்ரோல் எரியாததால் வந்த நஷ்டம் இல்லை. எரிந்த பிறகு சூடு தப்பிப் போகிற நஷ்டம். காந்தம் கட்டினாலும் சரி, செராமிக் போட்டாலும் சரி, அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத்தான் வண்டிக் கம்பெனிகளின் எஞ்சினீயர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இனி ஒரு ஆபீஸ் கணக்கு. வேப்பூரிலிருந்து விருத்தாசலத்துக்குத் தினமும் பைக்கில் போய் வருகிறவர் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஐம்பது. இருபது லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் இரண்டாயிரம் ரூபாய்.

விற்கிறவர் சொல்கிறபடி மைலேஜ் முப்பது சதவிகிதம் கூடினால் லிட்டருக்கு அறுபத்தைந்து. மாதம் சுமார் நானூற்று அறுபது ரூபாய் லாபம். "மூணே மாசத்துல போட்ட காசு வந்துடும் ஸார்!" தூண்டில் புழு இதுதான்.

உண்மைக் கணக்கு என்ன? எரியாத மூன்று சொட்டையும் அந்தக் கருவி கடைசிச் சொட்டு வரை எரித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது என்பது ஐம்பத்தொன்றரை ஆகும். மாதம் அறுபது ரூபாய் கூடத் தேறாது. ஆயிரத்து ஐந்நூறைத் திரும்ப எடுக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் கருவி நூற்றுக்கு நூறு வேலை செய்தால்!

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சைலன்ஸரில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்ஸார் எரிந்த காற்றை மோப்பம் பிடித்துச் சொல்ல, வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. 'சரியாக எரிய வைக்கும் கருவி' உங்கள் வண்டியில் கம்பெனியிலேயே பொருத்தி வந்தாயிற்று. விலையும் கொடுத்தாயிற்று!

இடையன்குளத்து மூலிகை

'இத்தனை பேர் பார்க்க செய்து காட்டுகிறாரே, பொய்யாக இருக்குமா?' என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடே பார்த்த ஒரு பாடம் இருக்கிறது.

1996. ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் தயாரிப்பதாகச் சொன்னார். பத்திரிகைகளில் பரபரப்பு. படிப்பாளிகளுக்குத் தெரியாதது ஒரு பாமரனுக்குத் தெரிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை. டெல்லி வரை போய்த் தலைவர்கள், விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டினார். தண்ணீர், இலை, உப்பு, ஒரு கலக்கு... மேலே மிதப்பதைப் பற்ற வைத்தால் எரிகிறது! கைதட்டல்!

பிறகு அதே 1996-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நெருக்கமான கண்காணிப்பில் சோதனை வைத்தார்கள். பெட்ரோல் வரவில்லை. கலக்குகிற குச்சியின் உள்கூட்டில் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்தார், கலக்கும்போது மெழுகு இளகி உள்ளே இருந்தது வெளியே வந்தது என்பது பின்னால் வெளியான விளக்கம். அத்தனை பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சியை யாரும் பார்க்கவில்லை!

கதை அதோடு முடியவில்லை. அடுத்த சில வருஷங்களில் சென்னையில் கடை போட்டு 'மூலிகைப் பெட்ரோல்' விற்பனையே நடந்தது. விற்பனைத் தொகை இரண்டு கோடி ரூபாயைத் தாண்டியது. 2000-ல் சி.பி.ஐ. வந்தது. விற்றது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்பது வழக்கு. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மூன்று வருஷக் கடுங்காவல் விதித்தது.

'நம்ம ஊரில்தான் இப்படி' என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். சீனாவில் ஹார்பின் நகரத்து பஸ் டிரைவர் வாங் ஹோங்செங், தண்ணீரில் சில சொட்டு விட்டால் எரிபொருளாகும் என்று 1984-ல் கிளம்பினார். பத்து வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய ஆட்களெல்லாம் நம்பினார்கள். 1997-ல் அவருக்குப் பத்து வருஷச் சிறை. ஆஸ்திரேலியாவில் 'ஃபயர்பவர்' என்கிற கம்பெனி எரிபொருள் மாத்திரை காட்டி விளையாட்டு அணிகளுக்கெல்லாம் ஸ்பான்ஸர் செய்தது. 2008-ல் கவிழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்களின் சுமார் பத்து கோடி ஆஸ்திரேலிய டாலர் போயே போச்சு!

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று: செய்து காட்டுவது வேறு, சோதனை வேறு. செய்து காட்டும்போது பாத்திரம், குச்சி, இடம், நேரம் எல்லாம் அவருடையது. சோதனையில் அத்தனையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் நியூட்ரலில் நிற்கிற வண்டியில் கருவியை மாட்டி, "பாருங்க ஸார், சவுண்டே மாறிடுச்சு!" என்பது செய்து காட்டல். சவுண்டுக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமில்லை.

'எனக்கு வேலை செஞ்சுதே ஸார்!'

விளம்பரத்தை விட ஆபத்தானது பக்கத்து ஸீட் நண்பரின் சாட்சியம். "சும்மா சொல்லாதீங்க, நான் மாட்டியிருக்கேன். நாற்பத்தைந்து கொடுத்த வண்டி இப்ப ஐம்பத்திரண்டு கொடுக்குது!" அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

எப்போது இந்தக் கருவியைத் தேடிப் போனார்? மைலேஜ் ரொம்பவும் இறங்கி வெறுத்துப்போன மாதத்தில். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தேவலை என்று ஆகும். ஜுரத்தின் உச்சத்தில் தாயத்துக் கட்டினால் மறுநாள் தாயத்துக்குத்தானே பெயர்!

மாட்டிவிட்ட மெக்கானிக் சும்மா மாட்டினாரா? ஏர் ஃபில்டரைத் தட்டினார், ப்ளக்கைத் துடைத்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார், டயருக்குக் காற்று அடித்தார். மைலேஜ் கூடியது அதனால். பாராட்டு மட்டும் டப்பாவுக்கு.

அதற்கெல்லாம் மேலாக, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்ட மனிதர் அதற்குப் பிறகு எப்படி ஓட்டுவார்? முறுக்க மாட்டார். சிக்னலில் அணைப்பார். பஸ்ஸோடு போட்டி போட மாட்டார். மிச்சம் பிடித்தது கருவி இல்லை, அவருடைய வலது மணிக்கட்டு!

பல் பிடிக்க ஆறு கேள்வி

யாராவது இப்படிக் கருவியை நீட்டினால் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: "எப்படி வேலை செய்கிறது?" பதிலில் குவாண்டம், நானோ, அயனி, அதிர்வு, ரஷ்யத் தொழில்நுட்பம் என்று வந்தால் பர்ஸை உள் பாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு: "பைக்குக்கும் லாரிக்கும் ஒரே கருவியா?" பெட்ரோல், டீசல், காஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்றால், அது எதற்குமே இல்லை என்று பொருள்.

மூன்று: "சோதனை அறிக்கை எங்கே?" வாகனங்களைச் சோதிக்க புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற ஆராய்ச்சி நிறுவனம் 1966-லிருந்தே இருக்கிறது. பெயரைச் சொன்னால் போதாது. எந்த வண்டியில், என்ன சோதனை, மைலேஜ் எத்தனை என்று முழு அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். டப்பா தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று பார்த்த அறிக்கையைக் காட்டி மைலேஜ் என்று சொல்கிற கில்லாடிகள் இருக்கலாம்.

நான்கு: "ஐ.எஸ்.ஓ. முத்திரை எதற்கு?" ஐ.எஸ்.ஓ. 9001 என்பது கம்பெனி நிர்வாகம் ஒழுங்கு முறையில் நடக்கிறதா என்பதற்கு. பொருள் வேலை செய்கிறது என்பதற்கு அல்ல. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதும் அப்படித்தான். விண்ணப்பிக்க யாராலும் முடியும்.

ஐந்து: "கம்பெனியே ஏன் மாட்டி அனுப்பவில்லை?" இதுதான் கிடாவின் முதுகெலும்பு! 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த காலத்திலிருந்து நம் நாட்டில் பைக் விற்பதே மைலேஜை வைத்துத்தான். ஒரே ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்ட கோடிகளைக் கொட்டுகிற கம்பெனிகள், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் டப்பாவை மொத்தமாக வாங்கினால் ஐந்நூறுக்குக் கிடைக்குமே, விடுவார்களா? சுமார் இருபதாயிரம் பஸ் ஓட்டுகிற நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் டீசல் செலவில் ஐந்து சதவிகிதம் குறைகிறது என்றால் வரிசையில் நிற்க மாட்டார்களா?

ஆறு: "வண்டி வாரண்டி என்ன ஆகும்?" வயரை வெட்டி, பெட்ரோல் ட்யூபை அறுத்து நடுவில் கருவி சொருகினால் வாரண்டிக்கு டாட்டா சொல்ல வேண்டியிருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. ட்யூப் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்து சூடான எஞ்சினில் விழுந்தால், போவது மைலேஜ் மட்டும் இல்லை.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அலசிப் பார்த்திருக்கிறது. குறிப்பிடும்படியாக மைலேஜைக் கூட்டியது ஒன்றும் இல்லை. சில கருவிகள் புகையைக் கூட்டியதுதான் மிச்சம்!

புதுத் தூண்டில்: எத்தனால்

சமீபமாக இன்னொரு வசனம் கேட்கிறது: "இப்ப பெட்ரோல்ல இருபது சதவிகிதம் எத்தனால் கலக்கறாங்க. மைலேஜ் பாதியா போயிடும். எங்க திரவத்தை ஊத்துங்க."

முதல் வாக்கியம் உண்மை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதும் உண்மை. ஆனால் 'பாதி' என்பது பச்சைப் பொய். எத்தனாலுக்காக வடிவமைக்காத பழைய எஞ்சின்களில் கார் என்றால் ஆறு ஏழு சதவிகிதம், டூவீலர் என்றால் மூன்று நான்கு சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. குறைகிற சக்தியை ஒரு மூடித் திரவம் கொண்டு வந்து கொட்ட முடியாது. மெய்யும் பொய்யும் கலந்து விற்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரி!

நீங்களே சோதனை அதிகாரி

"என்ன இருந்தாலும் மாட்டிப் பார்க்காமல் எப்படி?" என்று கை அரிக்கிறவர்களுக்கு, அல்லது ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி.

பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். 'நூறு ரூபாய்க்குப் போட்டேன், மூணு நாள் ஓடிச்சு' என்கிற கணக்கும் வேண்டாம். ஒரே பங்க்கில், சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே மட்டத்துக்கு டாங்க்கை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதையில் ஓட்டி, டாங்க் காலியாகிற சமயத்தில் அதே பங்க்கில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தரம் போதாது. எதிர்க்காற்று, மழை, பின்னால் உட்கார்ந்த மச்சானின் எடை எல்லாம் விளையாடும். கருவியோடு நான்கு டாங்க், கருவி இல்லாமல் நான்கு டாங்க்.

இதில் ஒரு தந்திரம் முக்கியம். கருவியை மாட்டுவதும் கழற்றுவதும் உங்கள் வேலை இல்லை. தம்பியிடமோ நண்பனிடமோ விட்டுவிடுங்கள். காந்தமோ சிப்போ இந்த வாரம் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. எட்டு டாங்க் முடிந்த பிறகு உங்கள் கணக்கையும் அவன் குறித்து வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மருந்துகளைக் கூட இப்படி மறைத்துக் கொடுத்துத்தான் உலகம் முழுக்கச் சோதிக்கிறார்கள். உங்கள் மணிக்கட்டு செய்கிற நல்ல காரியத்தை டப்பாவின் கணக்கில் எழுதாமல் இருக்க இதை விட்டால் வேறு வழி இல்லை. (வயரை வெட்ட வேண்டிய, ட்யூபை அறுக்க வேண்டிய கருவிகளுக்கு இந்தச் சோதனை கூட வேண்டாம். தூரப் போடுங்கள்!)

காசு போய்விட்டதா?

பில் இருக்கிறதா பாருங்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு அது காணாமல் போகும். 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீரவில்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்கு ஓட வேண்டாம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் - வேப்பூர்க்காரர் என்றால் கடலூரில். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். தப்பான விளம்பரம் செய்கிறவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை பத்து லட்சம் வரை அபராதம் தீட்டலாம்.

'ஆயிரத்து ஐந்நூறுக்கா கோர்ட்டு?' என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விற்கிறவரின் தைரியமே அதுதான். விலையை ஐயாயிரம், பத்தாயிரம் என்று வைக்காமல், ஏமாந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு, ஆனால் சண்டைக்குப் போகத் தோன்றாத அளவுக்கு வைத்திருப்பதைக் கவனியுங்கள்!

சரி, நிஜமாகவே மிச்சம் பிடிக்க?

மத்திய அரசின் பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சி சங்கம் 1978-லிருந்து சொல்லிக்கொண்டிருப்பது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். சாதாரணமாக இருப்பதாலேயே யாரும் கேட்பதில்லை.

மணிக்கு நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வேகத்தில் சீராகப் போங்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மளமளவென்று ஏறும். சிக்னலில் அதிக நேரம் நின்றால் எஞ்சினை அணையுங்கள். கிளட்ச்சிலும் பிரேக்கிலும் சும்மா விரலை, காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். செயினுக்கு எண்ணெய், ஏர் ஃபில்டருக்குச் சுத்தம், எஞ்சின் ஆயில் மாற்றம் எல்லாம் வேளாவேளைக்கு நடக்கட்டும். தெருவில் தள்ளிப் பார்த்து, சக்கரம் இறுக்கிப் பிடித்தால் மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டுங்கள்.

முக்கியமாக, வாரம் ஒரு தரம் டயர் சூடேறுவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு எஞ்சினைப் பின்னால் இழுக்கும். அதைச் சரிசெய்தாலே வித்தியாசம் தெரியும். காற்றுக்குக் காந்தம் வேண்டாம், சிப் வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் இலவசமாகவே அடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று, அதை விற்க எவரும் மைக்கைப் பிடிக்க மாட்டார்கள். இலவசத்தில் கமிஷன் ஏது ஸார்?